கீழுதட்டின் இடப்பக்கம்

முதலில் பார்த்தவன் வால்டெமார்.
பக்கத்துச் சாவடியிலிருந்து எட்டி
"நெலிதா, உதட்டில் ரத்தம்" என்றான்.
மாத்தே குடிக்கும் உலோகக் குழல் சுட்டு
கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது.
சுட்டது தெரியவில்லை எனக்கு.
உடைந்தது தெரியவில்லை.
அவன் கைக்குட்டை என் மோவாயில் பட்டதே
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நெடுஞ்சாலையில்
பதினான்கு வருடமாகச் சுங்கம் வாங்குகிறேன்.
யூகலிப்டஸ் தடிகளை அடுக்கிய லாரிகள்
வடக்கேயிருந்து வந்துகொண்டே இருக்கும்.
பணம், சில்லறை, ரசீது, "நல்ல பயணம்."
இந்த ஜன்னலைத் தாண்டிப் போன
அத்தனை மரத்தில்
ஒரு தடி மட்டும் இறங்கி
என் தாடையில் தங்கிவிட்டதா?
மரத்துப் போயிருந்தது.
மரமாகவே போயிருந்தது.

பல் மருத்துவர் எச்செவெரி
ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.
"குற்றமில்லை. போன தடவை ஊசி போட்டேனோ?"
"போன தடவை என்பது நாலு வருடம் முன்னால், டாக்டர்."
சிரித்தார்.
நானும் சிரித்தேன், வாயின் பாதியால்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்
வேலைக்குப் புதிதாக வந்த பையன்
மனக்கவலை என்று எழுதினான்.
மாத்திரை தந்தான். நன்றாகத் தூங்கினேன்.
காலையில் நான் எழுந்தேன்,
உதடு எழவில்லை.

அப்புறம் கண்ணாடியோடு சாப்பிடப் பழகினேன்.
சூப் எங்கே வழிகிறதென்று அது சொல்லும்.
ரொட்டியோடு கன்னத்தின் உட்தசையையும்
மென்றிருக்கிறேன் ஒருநாள்,
ருசி மாறியபோதுதான் நிறுத்தினேன்.
"நல்ல பயணம்" என்பதன் ப
தேய்ந்த நாணயம் போல வந்தது.
"காலையிலேயே போட்டாச்சா?" என்று
ஒரு லாரிக்காரன் கண்ணடித்துப் போனான்.
பாக்கிச் சில்லறையை அவனுக்கு
நிதானமாக எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி பஸ், மோன்தெவிதேயோவுக்கு ஐந்து மணி நேரம்.
ரசீதுச் சுருளின் பின்பக்கத்தில்
தேதிகளை எழுதிக் கொண்டுபோனேன்.
ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
நரம்பு மருத்துவர் பெந்தான்கோருக்கு ஜலதோஷம்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே சுருளை
கடைசி வரை பிரித்துப் படித்தார்.
பிறகு கேட்டார்:
"எங்கே ஆரம்பிக்கிறது?"

அதுவரை யாரும் கேட்கவில்லை அதை.

பஞ்சு. "இது?" "இருக்கு."
பஞ்சு. "இது?" "இருக்கு."
ஊசிமுனை. "இங்கே?"
"தொட்டுவிட்டீர்களா?"
நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.
இன்னொன்று. இன்னொன்று.
உதட்டோரத்திலிருந்து மோவாய்க்கு இறங்கி
நடுவில் வந்து நின்றது கோடு.
எனக்கு இல்லாத இடத்துக்கு
முதன்முதலாக ஒரு வடிவம் இருந்தது,
ஒரு பெரிய பீன்ஸ் விதையளவு.

"எடை குறைந்திருக்கிறதா? எலும்பில் வலி?
மார்பகப் பரிசோதனை கடைசியாக எப்போது?"
மூன்று வருடம் ஆச்சு என்றேன்.
பேனா நின்றது, பிறகு எழுதியது.
"மோவாய்க்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம்?"
"சில சமயம் இருக்கும். பல சமயம் இருக்காது.
உங்களுக்கு எதுவென்று இன்னும் எனக்குத் தெரியாது."
தெரியாது என்பதை
என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.
ஆறு குழாய் ரத்தம். ஸ்கேன் இருபத்தேழாம் தேதி.

திரும்பும் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.
மையைக் கழுவவில்லை நான்.
மறுநாள் தடி லாரி ஒன்று நின்றது.
"முகத்தில் என்ன அம்மணி, மேப்பா?"
"சுங்கச்சாவடி" என்றேன்.
"கட்டணம் இன்னும் நிர்ணயிக்கவில்லை."
அவன் சிரித்தானா, தெரியாது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பத்து மணிக்கு வால்டெமார் வெந்நீர் ஊற்றினான்.
குழலை வலப்பக்கம் மாற்றி உறிஞ்சினேன்.
சுட்டது.
"ஐயோ" என்று கத்தியதில்
பதறி எழுந்தவனை
உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு
ஆறுவதற்குள்
இன்னொரு மடக்கு.